ஒரே பீச் மரத்தில் நான்கு ரகங்கள்: ஒரு கிளை ஓங்குகிறது, ஒரு கிளை மெலிகிறது

பின்கட்டுத்தோட்டம் (சான் ஹோசே, கலிபோர்னியா) – ஏப்ரல் 21

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டின் பின்புறம் 15 அடிக்கு 20 அடி அளவே உள்ள சிறிய இடம். அதில் ஒரு பழமரத்துக்கு மேல் வைக்க வழியில்லை என்பதால், நான்கு ரகங்கள் ஒட்டுக்கட்டிய பீச் கன்று ஒன்றை இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஜனவரியில் வாங்கி நட்டோம். தொட்டியில் இல்லாமல், மண் நீக்கிய வேரோடு குளிர்காலத்தில் விற்பார்களே, அந்த வகைக் கன்று. பாப்காக், ஜூலை எல்பெர்ட்டா, ஓ ஹென்றி, இண்டியன் ஃப்ரீ ஆகிய நான்கும் அதில் உள்ளன. ஜூலையில் தொடங்கிச் செப்டம்பர் வரை ஒன்றன்பின் ஒன்றாகப் பழம் கிடைக்கும் என்ற ஆசையில்தான் வாங்கினேன்.

இப்போது மூன்றாவது கோடை வரப்போகிறது. தென்மேற்கில் இருக்கும் கிளை 11 அடி உயரத்துக்கு எழும்பி மரத்தின் பாதியைத் தானே அடைத்துக்கொண்டிருக்கிறது. வடக்கே இருக்கும் கிளையோ என் கை நீளம்தான். தடிமன் பென்சிலைவிடச் சற்றே அதிகம். கிழக்கிலும் மேற்கிலும் உள்ளவை நடுத்தரமாக வளர்ந்திருக்கின்றன. கன்றுடன் வந்த காகித அட்டைகளில் கிழக்குக் கிளையில் இருந்த ‘ஜூலை எல்பெர்ட்டா’ மட்டுமே எஞ்சியுள்ளது. மற்ற மூன்றும் மழையில் கரைந்து விழுந்துவிட்டன. எந்தக் கிளை எந்த ரகம் என்பதே எனக்குத் தெரியவில்லை.

இது போதாதென்று, இந்த மாதத் தொடக்கத்தில் இலைகள் சிவந்து, தடித்து, கொப்புளம் கண்டதுபோல் சுருண்டன. வியப்பு என்னவென்றால், மூன்று கிளைகளில்தான் இந்தச் சுருளல். மெலிந்து கிடக்கும் வடக்குக் கிளையில் ஓர் இலைகூடக் கெடவில்லை. மற்ற கிளைகளில் பிஞ்சுகள் சுண்டைக்காயைவிடச் சற்றுப் பெரியவையாகக் கொத்துக் கொத்தாக நிற்கின்றன.

எந்தக் கிளையை எப்போது, எவ்வளவு வெட்டிக் கவாத்து செய்வது? வடக்குக் கிளையைக் காப்பாற்ற வழி உண்டா? அது இறந்துபோனால் அந்த ரகத்தைத் திரும்ப ஒட்டுக்கட்ட முடியுமா? ஊரில் மாமரமும் கொய்யாவும் பார்த்து வளர்ந்தவள் நான். இந்த மரத்தின் குணம் எனக்குப் புதிது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

படல்வேலி (சாக்ரமென்டோ அருகில்) – ஏப்ரல் 21

சகோதரிக்கு வணக்கம். நான் 12 ஆண்டுகளாக இத்தகைய ஒட்டு மரங்கள் இரண்டை வளர்த்து வருகிறேன்; அவற்றுள் ஒன்றில் ஒரு ரகத்தை என் கையாலேயே வெட்டித் தொலைத்தேன். அந்த வருத்தத்தில் கற்றதைச் சொல்கிறேன்.

உங்கள் கொல்லையில் நிற்பது ஒரு மரம் அன்று. ஒரே வேரில் சாப்பிடும் நான்கு மரங்கள். நான்குக்கும் வேகம் வேறு, விழிக்கும் காலம் வேறு, பசி வேறு. ஒற்றை ரக மரத்துக்குக் கவாத்து செய்வது வடிவத்துக்காகவும் பழத்துக்காகவும். இதற்கோ அவற்றுக்கெல்லாம் முன்பாக, நான்கையும் ஒரே தட்டில் நிறுத்துவதற்காகக் கவாத்து செய்ய வேண்டும். மெலிந்த கிளைக்கு உரம் போட்டு ஏற்றிவிடலாம் என்று பலர் முயல்கிறார்கள். வேர் பொதுவானது என்பதால் அந்த உரத்தில் பெரும்பங்கை ஏற்கெனவே ஓங்கி நிற்கும் கிளைதான் எடுத்துக்கொள்ளும். எனவே ஓங்கியதை அடக்குவது ஒன்றே வழி.

அடக்குவதற்கு ஏற்ற காலம் கோடை. குளிர்காலத்தில், மரம் உறங்கும்போது வெட்டினால், வேரில் சேமித்த பலம் அப்படியே இருப்பதால் வசந்தத்தில் வெட்டிய இடத்திலிருந்து இன்னும் முரட்டுத்தனமாகத் துளிர்க்கும். இலையோடு இருக்கும்போது வெட்டினால் உணவு தயாரிக்கும் இலைகளே குறைவதால் அந்தக் கிளையின் வேகம் தணியும். ஆகவே மே மாத நடுவில் ஒரு முறையும் ஜூலையில் ஒரு முறையும், தென்மேற்குக் கிளையில் நேராக மேல்நோக்கி எழும் நீர்ப்போத்துகளை அடியோடு நீக்குங்கள். மீதமுள்ள புதுத் தளிர்களைப் பாதி நீளத்துக்குக் குறையுங்கள். உயரம் உங்கள் கைக்கு எட்டும் 7 அல்லது 8 அடியைத் தாண்டவே வேண்டாம். ஒரேயடியாக மொட்டையடிக்கவும் கூடாது. இதுவரை நிழலில் இருந்த பட்டையில் கோடை வெயில் நேரடியாக விழுந்தால் வெந்து வெடிக்கும், அந்த வெடிப்பில் துளைப்பான் வண்டு முட்டையிடும். வெயில் படும் தண்டுக்கு, சுவருக்கு அடிக்கும் வெள்ளை லேடெக்ஸ் வண்ணத்தைச் சம அளவு தண்ணீர் கலந்து பூசிவிடுங்கள்; இங்குள்ள தோட்டக்காரர்கள் அனைவரும் செய்வதுதான்.

வடக்குக் கிளையில் இந்த ஆண்டு கத்தரியே படக்கூடாது. அதில் பிஞ்சு இருந்தால் எல்லாவற்றையும் கிள்ளிவிடுங்கள். அதன் பலம் முழுவதும் கட்டைக்கும் இலைக்கும் போகட்டும். ஓங்கிய கிளையில் மாறாகச் சற்றுக் கூடுதலாகவே காய்களை விடலாம், ஏனெனில் காய்ச்சுமையும் ஒரு கடிவாளம்தான். இன்னொரு பழைய உத்தியும் உண்டு: ஓங்கிய கிளையைக் கயிற்றால் கீழ்நோக்கி இழுத்துச் சாய்வாகக் கட்டுங்கள், மெலிந்த கிளையை ஒரு குச்சியோடு சேர்த்து நிமிர்த்திக் கட்டுங்கள். நிமிர்ந்து நிற்பது வேகமாக வளரும், படுத்திருப்பது நிதானமாக வளரும்.

நடும்போதே மிக மெலிந்த ஒட்டைத் தெற்கு அல்லது தென்மேற்குப் பக்கம் வருமாறு வைத்திருந்தால் பாதித் தொல்லை இருந்திராது. அந்தத் திசையில்தான் இங்கே வெயில் அதிகம். உங்கள் மரத்தில் அது தலைகீழாக அமைந்துவிட்டது. இதை வாங்கும்போது யாரும் சொல்வதில்லை என்பது எனக்கு நீண்டநாள் ஆதங்கம். மூன்றாம் ஆண்டில் மரத்தைப் பெயர்த்துத் திருப்பி நடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வடக்குக் கிளைக்கு வெயில் போகும்படி நடுவில் வழி திறந்துவிடுவதே போதும். பீச் மரத்தை எப்போதும் நடு வெறுமையாக, கிண்ணம்போல் விரிந்த வடிவில்தான் வளர்க்க வேண்டும்.

பிஞ்சைப் பொறுத்தவரை, இந்த வாரமே தொடங்குங்கள். ஒரு காய்க்கும் அடுத்த காய்க்கும் இடையே 15 சென்டிமீட்டர் இடைவெளி இருக்குமாறு மற்றவற்றை நீக்க வேண்டும். சீக்கிரம் பழுக்கும் ரகத்துக்கு இடைவெளி இன்னும் கூடுதலாக இருக்கட்டும், ஏனெனில் அதற்குப் பருக்கக் கிடைக்கும் நாட்கள் குறைவு. முதல்முறை செய்பவர்களுக்குக் கை வராது. பத்தில் எட்டைக் கீழே போடுவதாகத் தோன்றும். போடுங்கள். நீக்காவிட்டால் பழம் எலுமிச்சை அளவில் நின்றுவிடும், பாரம் தாங்காமல் ஒட்டுப்போட்ட இடமே பிளந்துவிடவும் கூடும்.

காற்றாடித்தோப்பு (ஃப்ரெஸ்னோ) – ஏப்ரல் 22

படல்வேலி ஐயா சொன்னவற்றோடு எனக்கு முரண்பாடு இல்லை. ஆனால் இந்த வகை மரத்தையே நான் பரிந்துரைப்பதில்லை என்பதைப் பணிவுடன் சொல்ல விரும்புகிறேன். ஒரு வேரில் நான்கு ரகம் என்றால், வேருக்கு ஒன்று நேர்ந்தால் நான்கும் போயின. அதற்குப் பதிலாக மூன்று தனித்தனிக் கன்றுகளை 45 சென்டிமீட்டர் இடைவெளியில், ஒரே குழியில் நடுவதுபோல் முக்கோணமாக நட்டு, வெளிப்பக்கம் சாயவிட்டு, கோடைக் கவாத்தால் 8 அடிக்குள் நிறுத்தினால், ஏறக்குறைய அதே இடத்தில் அதே பலன் கிடைக்கும். ஒன்று ஓங்கினாலும் மற்றொன்றின் வேரை அது பறிக்க முடியாது, அட்டை தொலைந்தாலும் குழப்பம் குறைவு. என் தோட்டத்தில் எட்டு ஆண்டுகளாக அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

இன்னொன்று: சான் ஹோசே இருக்கும் சான்டா கிளாரா பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் ஆப்ரிகாட்டும் உலர்பிளம் தோப்புகளும் நிறைந்த இடம்தான் என்றாலும், இன்று வீட்டுக்கொல்லைகளில் பல இடங்களில் இறுகிய களிமண்ணே இருக்கிறது. பீச் வேர் தேங்கிய நீரைப் பொறுக்காது. உங்கள் கன்று எந்த வேர்ச்செடியில் (ஒட்டுக்கு அடியில் வேராக நிற்கும் செடியில்) ஒட்டப்பட்டது என்று வாங்கிய சீட்டில் இருக்கிறதா பாருங்கள். நெமாகார்ட் என்றால் நூற்புழுவை எதிர்க்கும், ஆனால் மணற்பாங்கான, நன்கு வடியும் நிலத்துக்கே ஏற்றது. லவல் ஈரத்தைச் சற்றே கூடுதலாகத் தாங்கும். சிட்டேஷன் என்றால் மரமே ஓரளவு குட்டையாக நிற்கும், ஈரத்தையும் தாங்கும்.

பின்கட்டுத்தோட்டம் – ஏப்ரல் 22

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. வாங்கிய சீட்டைத் தேடி எடுத்தேன். சிட்டேஷன் என்றே எழுதியிருக்கிறது. தரையைவிட ஓர் அடி உயரமான மேட்டில்தான் நட்டோம், எனவே தண்ணீர் தேங்கவில்லை. மூன்று கன்று யோசனையை அடுத்த வீட்டுக்குப் போனால் நிச்சயம் செய்வேன். இந்த மரத்தைக் கைவிட மட்டும் மனம் ஒப்பவில்லை.

நேற்று மாலை பிஞ்சுகளை நீக்கினேன். ஒரு சிறு கூடை நிறைய வந்தது. கை நடுங்கியது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனாலும் ரகம் தெரியாமல் வெட்டுவதற்கு அச்சமாக இருக்கிறது.

படல்வேலி – ஏப்ரல் 23

ரகத்தைக் கண்டுபிடிக்கலாம், சகோதரி. உங்கள் கேள்வியிலேயே ஒரு விடை இருக்கிறது.

இலைச்சுருள் நோய் ஒரு பூஞ்சையால் வருவது. உங்கள் நான்கு ரகங்களில் இண்டியன் ஃப்ரீ அதை நன்றாக எதிர்த்து நிற்கும் ரகம் என்று பெயர் பெற்றது. ஒரே மரத்தில், ஒரே மழையில், மூன்று கிளை சுருண்டு ஒரு கிளை மட்டும் தப்பியது என்றால், அந்த வடக்குக் கிளை இண்டியன் ஃப்ரீயாக இருக்க வேண்டும். அது நோயால் மெலியவில்லை, நிழலால் மெலிந்திருக்கிறது. அதைக் காப்பாற்றுவது இன்னும் முக்கியம் என்பேன்: செப்டம்பரை ஒட்டிப் பழுக்கும், உள்ளே இரத்தச் சிவப்பாக இருக்கும், மணமும் புளிப்பும் இனிப்பும் சேர்ந்த பழம் அது. பெரும்பாலான பீச் ரகங்கள் தம் மகரந்தத்தாலேயே காய்க்கும். இதற்கோ வேறொரு பீச்சின் மகரந்தம் தேவை. உங்கள் மரத்தில் மற்ற மூன்றும் பக்கத்திலேயே பூப்பதால் அந்தக் கவலை இல்லை. ஒட்டு மரத்தின் உண்மையான நன்மை இந்த ஓர் இடத்தில்தான் முழுமையாகத் தெரிகிறது.

மீதமுள்ளவை பாப்காக்கும் ஓ ஹென்றியும். பாப்காக் வெள்ளைச் சதை, ஓ ஹென்றி மஞ்சள் சதை. அடுத்த பிப்ரவரி, மார்ச்சில் பூக்கும்போது இரு கிளையிலிருந்தும் ஒவ்வொரு பூவை எடுத்து இதழ்களை விலக்கி, அடிக்கிண்ணத்தின் உட்புறத்தைப் பாருங்கள். மஞ்சள் சதை உள்ள ரகத்தில் அது ஆரஞ்சு நிறமாகவும், வெள்ளைச் சதை உள்ள ரகத்தில் பசுமை கலந்த வெளிர் மஞ்சளாகவும் இருக்கும். அதுவரை காத்திருக்க முடியாவிட்டால் இந்தக் கோடையிலேயே பழம் சொல்லிவிடும்: ஜூலையில் பழுத்து, தோலில் சுணை மிகக் குறைவாக இருந்தால் பாப்காக், ஆகஸ்ட் பிற்பகுதியில் நன்றாகச் சிவந்து பழுத்தால் ஓ ஹென்றி.

எனக்கு ஓர் ஊகமும் உண்டு. பாப்காக்கின் உறக்கம் கலையக் குளிர்காலத்தில் 7 பாகை செல்சியசுக்குக் கீழே சுமார் 250 முதல் 300 மணி நேரக் குளிர் போதும். ஓ ஹென்றிக்கோ 700 மணி நேரத்துக்கு மேல் வேண்டும். குளிர் குறைந்த ஆண்டில் பாப்காக் முதலில் விழித்துத் துளிர்த்து, மற்றவை கண் திறப்பதற்குள் முந்திக்கொள்ளும். உங்கள் தென்மேற்குக் கிளை பாப்காக்காக இருந்தால் நான் வியப்படைய மாட்டேன்.

எது எதுவென்று தெரிந்ததும் அலுமினியத் தகட்டில் அழுத்தி எழுதி, கம்பியைத் தளர்வாக மாட்டுங்கள். இறுக்கிக் கட்டினால் தண்டு பருக்கும்போது கம்பி பட்டையை அறுத்துவிடும். கூடவே ஒவ்வொரு கிளையின் அடியிலும் வெவ்வேறு நிற வண்ணத்தில் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். நான் ஒரு ரகத்தை இழந்தது இதைச் செய்யாததால்தான்: ஒரு ஜனவரி மாலை, இருட்டத் தொடங்கிய நேரத்தில், வேரிலிருந்து வந்த போத்து என்று எண்ணி, தாழ்வாக இருந்த ஓர் ஒட்டையே நறுக்கிவிட்டேன். ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்புவது மட்டுமே வேர்ச்செடியின் போத்து. அதை உடனே கிழித்து எடுக்க வேண்டும். ஒட்டு எங்கே இருக்கிறது என்பது தெரியாமல் கத்தரியை எடுக்கக் கூடாது.

செம்பருத்திவேலி (லிவர்மோர்) – ஏப்ரல் 24

இலைச்சுருளைப் பற்றி ஒரு சொல். சுருண்ட பிறகு எந்த மருந்தும் பயன்படாது, இந்த ஆண்டு வீணாகச் செலவழிக்க வேண்டாம். வெயில் ஏறினால் கெட்ட இலைகள் உதிர்ந்து புது இலை வரும். அதுவரை மரம் இளைத்திருக்கும் என்பதால் நீர் தவறாமல் கொடுத்து, காய்களை இன்னும் சற்றுக் குறைத்துவிடுங்கள். மருந்தடிக்கும் காலம் இலை முழுவதும் உதிர்ந்த பின், நவம்பர் கடைசி அல்லது டிசம்பர். மழை மிகுந்த ஆண்டில் மறுபடியும் பிப்ரவரியில், மொட்டு வீங்குவதற்கு முன். தாமிர மருந்தை அட்டையில் உள்ள அளவுப்படி கலந்து, ஒவ்வொரு சிறு குச்சியும் சொட்டச் சொட்ட நனையும்படி தெளிக்க வேண்டும்.

ஒட்டு மரத்தில் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. நான்கு ரகமும் ஒரே நாளில் மொட்டு விடுவதில்லை. இரண்டாவது தெளிப்புக்கு நாள் குறிக்கும்போது முதலில் விழிக்கும் கிளையைப் பார்த்தே குறிக்க வேண்டும். கடைசியாக விழிக்கும் கிளையைப் பார்த்துக் காத்திருந்தால் முந்திய கிளைக்கு அந்த மருந்து பயனில்லாமல் போகும். நான் இரண்டு ஆண்டுகள் இதைத் தவறாகவே செய்தேன்.

குன்னூர்க்காரன் (நீலகிரி) – ஏப்ரல் 26

ஐயா, குன்னூரில் எங்கள் வீட்டிலும் பழைய பீச் மரம் ஒன்று உண்டு. காய் சிறியது, ஊறுகாய்க்குத்தான் ஆகும். அதன் மேல் நல்ல ரகங்களை ஒட்டலாமா?

படல்வேலி – ஏப்ரல் 26

தம்பி, தாராளமாக ஒட்டலாம். உங்கள் மரம் ஊருக்குப் பழகிய வேரோடு இருப்பது பெரிய வசதி. ஆனால் இங்கே நாங்கள் பேசும் ஓ ஹென்றி போன்றவை உங்கள் குளிரில் சரியாக விழிக்காது. பூவும் இலையும் அரைகுறையாக வரும். ஃப்ளோர்டாசன் போன்ற குறைந்த குளிர் கேட்கும் ரகங்களின் குச்சியைத் தேடுங்கள். வெளிநாட்டிலிருந்து குச்சி கொண்டுவர முயல வேண்டாம். நோயும் கூடவே வந்துவிடும், சட்டமும் அனுமதிக்காது. அருகிலுள்ள அரசுப் பழப்பண்ணையில் கேட்பதே சரியான வழி.

சகோதரி கேட்ட மறு ஒட்டுக்கும் இதுவே முறை என்பதால் இங்கேயே எழுதிவிடுகிறேன். பீச்சுக்கு எனக்குக் கைகொடுத்தது கோடையில் செய்யும் மொட்டு ஒட்டு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பட்டை எளிதில் பிரிந்து கொடுக்கும். தேவையான ரகத்தில் இந்த ஆண்டு வளர்ந்த தளிரை வெட்டி, இலைப் பரப்பை உடனே நறுக்கி, காம்பை மட்டும் கைப்பிடிபோல் விட்டுவிடுங்கள். ஓங்கிய கிளையின் அடிப்பகுதியில், தண்டுக்கு அருகே, பென்சில் பருமனுள்ள புதுப்போத்து ஒன்றைத் தேர்ந்து, அதன் பட்டையை ஆங்கில ‘டி’ எழுத்தின் வடிவில் கீறி, மொட்டோடு கூடிய பட்டைச் சீவலை உள்ளே செருகி, மொட்டு வெளியே தெரியும்படி ஒட்டு நாடாவால் இறுக்கமாகச் சுற்றுங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து, மிச்சம் வைத்த காம்பைத் தொட்டதும் அது சுத்தமாக உதிர்ந்தால் ஒட்டுப் பிடித்துவிட்டது. வாடிக் கறுத்து ஒட்டிக்கொண்டே இருந்தால் தவறிவிட்டது. இன்னொரு போத்தில் மறுபடி செய்யலாம். பிடித்த மொட்டை அப்படியே உறங்கவிட்டு, அடுத்த வசந்தத்தில் அதற்குச் சற்று மேலே வெட்டினால் அதிலிருந்து கிளை எழும்.

வடக்குக் கிளை இறக்கும்வரை காத்திருக்காமல் இந்த ஜூலையிலேயே அதிலிருந்து இரண்டு மொட்டுகளை எடுத்துத் தென்மேற்குக் கிளையின் அடியில் ஒட்டிவைப்பது நல்லது. அந்தக் கிளையில் கத்தரி படக்கூடாது என்றவனே இதையும் சொல்கிறேன். ஒரு சிறு நுனி போதும். மூலக்கிளை போனாலும் ரகம் வீட்டைவிட்டுப் போகாது.

குளிர்காலக் கவாத்துக்கு ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். பீச் சென்ற ஆண்டு வளர்ந்த குச்சியில்தான் காய்க்கும். ஒரு முறை காய்த்த குச்சியில் அதே இடத்தில் மறுபடி காய்க்காது. ஆகவே ஆண்டுதோறும் ஏறக்குறைய பாதியை எடுத்தால்தான் புதுக்குச்சி வரும். மாமரத்தைப்போல் பழைய கட்டையிலிருந்து துளிர்க்கும் என்று நம்பி அடியை மொட்டையாக விட்டுவிட வேண்டாம். பீச் முதிர்ந்த கட்டையிலிருந்து துளிர்ப்பது அரிது. ஒவ்வொரு ரகத்திலும் தண்டுக்கு அருகே ஒரு புதுக்குச்சியாவது எப்போதும் இருக்க வேண்டும்.

பின்கட்டுத்தோட்டம் – அடுத்த ஆண்டு, மார்ச் 8

கேட்டுவிட்டுப் போய்விட்டாள் என்று எண்ணியிருப்பீர்கள், மன்னிக்க வேண்டும். சொன்னபடியே மே, ஜூலை இரு முறையும் தென்மேற்குக் கிளையைக் குறைத்து, கயிறு கட்டிச் சாய்த்தேன். டிசம்பரிலும் ஜனவரிக் கடைசியிலும் தாமிர மருந்து தெளித்தேன்.

சென்ற வாரம் பூக்களைப் பிரித்துப் பார்த்தேன். மேற்குக் கிளைப் பூவின் கிண்ணம் அடர் ஆரஞ்சு. தென்மேற்குக் கிளையில் வெளிர் பச்சை மஞ்சள். படல்வேலி ஐயாவின் ஊகம் சரி, ஓங்கியது பாப்காக்தான். இந்த ஆண்டும் மற்றவற்றைவிட முன்னதாகவே பூத்துவிட்டது. கோடையில் அதில் வந்த 31 பழங்களும் ஜூலையிலேயே முடிந்தன, தோலில் சுணையே தெரியவில்லை. நான்கு கிளைகளிலும் தகடு மாட்டி, அடியில் வண்ணப் புள்ளியும் வைத்துவிட்டேன்.

வடக்கில் நிற்கும் இண்டியன் ஃப்ரீ இப்போது என் தோள் உயரம். ஒட்டிய இரண்டு மொட்டுகளில் ஒன்று கறுத்துவிட்டது, மற்றொன்று பிடித்திருக்கிறது. அதற்கு மேலே நேற்றுதான் வெட்டினேன். வடக்குக் கிளையில் 9 பூக்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றிரண்டைக் காய்க்க விடலாமா, அல்லது இந்த ஆண்டும் கிள்ளிவிட வேண்டுமா?

படல்வேலி – மார்ச் 8

இரண்டே இரண்டை விடுங்கள், சகோதரி. தண்டுக்கு அருகில் இருப்பவையாக விடுங்கள், நுனியில் வேண்டாம்.